பதினேழாவது பூசணிக்காய்

பொன்னுத்தங்கம் குழந்தை வாகனக் கம்பெனி குழந்தைகளுக்காக ஆரம்பிக்கப்பட்டதல்ல. இரும்புக் குழாய்க்காக ஆரம்பிக்கப்பட்டது. 1955-இல் சிவகாசிப் பட்டாசு முதலாளி காசிராஜன், தன் கிட்டங்கிக்குக் கூரை போட இரும்புக் குழாய் கேட்டு மனுப் போட்டார். குழாய்க்குத் தட்டுப்பாடு, குழந்தைகள் நலனுக்கான தொழில்களுக்கு மட்டுமே பர்மிட் என்று பதில் வந்தது. அந்தக் காகிதத்தை அவர் இரண்டு முறை படித்தார். மறுநாள் காலையிலிருந்து அவருக்குக் குழந்தைகள் மேல் பிரியம் உண்டாயிற்று.

கம்பெனிக்குத் தன் மனைவி பெயரை வைத்தார். பொன்னுத்தங்கம் அம்மாள் ஆறு பெற்றவர். அந்த ஆறில் ஒன்றுகூடக் கம்பெனி வண்டியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அந்த அம்மாள் விட்டதில்லை.

முதல் சரக்கு, மடக்குத் தள்ளுவண்டி. முதலாளியின் மச்சினன் கொழும்பிலிருந்து கொண்டுவந்த ஒரு படத்தைப் பார்த்துச் செய்தார்கள். படத்தில் வண்டியின் முன்பக்கம் மட்டுமே தெரிந்தது. பின்பக்கம் கம்பெனியின் சொந்தக் கற்பனை. வண்டி தானாகவே மடங்கும் என்று விளம்பரம் செய்தார்கள். அது உண்மை. எப்போது மடங்கும் என்பது மட்டும் வண்டியின் இஷ்டம்.

விருதுநகர் எண்ணெய் வியாபாரி ஒருவர் முதல் வண்டியை வாங்கினார். மூன்றாம் நாள் அவர் பேத்தியின் இடது கைச் சுண்டுவிரல், முதல் மூட்டு வரைக்கும், வண்டியோடு நின்றுவிட்டது. கம்பெனி உடனே விசாரணைக் கமிட்டி போட்டது. கமிட்டியில் மூன்று பேர். காசிராஜன், அவருடைய சகலை, ஃபோர்மேன் சீனிவாசகம். ஒரு முழுநாள் விசாரித்து ஒரு வரியில் தீர்ப்புச் சொன்னார்கள்: “வண்டி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, விரல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.” விரல் துண்டை மத்தாப்புப் பெட்டியில் பஞ்சு பரப்பி வைத்து வியாபாரி வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். தீர்ப்பைத் தகரப் பலகையில் எழுதித் தையல் கொட்டகையில் மாட்டினார்கள். அன்றிலிருந்து, படிக்கத் தெரியாத பெண்களுக்கு வாரம் ஒருமுறை அதை வாசித்துக் காட்டினார்கள்.

அடுத்த வருஷம் வண்டிகளுக்கு வெள்ளி நிறம் பூசினார்கள். பெயிண்டு எதற்கு என்று, பட்டாசுக் கிட்டங்கியில் மீந்து கிடந்த அலுமினியப் பவுடரை வார்னிஷில் குழைத்து அடித்தார்கள். வண்டி நிலா மாதிரி மின்னியது. விருதுநகர்ப் பங்குனிப் பொங்கலுக்கு ஒரு தாய் அதில் பிள்ளையை வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். யாரோ ஏந்தி வந்த தீச்சட்டியிலிருந்து ஒரு பொறி பறந்து வண்டியில் விழுந்தது. வண்டி வெள்ளை வெளேரென்று எரிந்தது. தாய் இரண்டு கையையும் நெருப்புக்குள் விட்டுப் பிள்ளையைத் தூக்கினாள். பிள்ளைக்கு முதுகு வெந்தது. தாய்க்கு முழங்கை வரைக்கும் தோல் உரிந்து தொங்கியது.

சீனிவாசகம் ஓடி வந்து முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னார். காசிராஜன் முப்பது வருஷப் பட்டாசுக்காரர். அவர் வாயில் வந்த முதல் கேள்வி இது:

“எம்புட்டு நேரம் எரிஞ்சுச்சு?”

“முக்கா நிமிசம் இருக்கும் மொதலாளி.”

“கலர்?”

“சுத்த வெள்ளை. புகையே இல்ல.”

முதலாளி வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். “நம்ம மத்தாப்புகூட அம்புட்டு நேரம் நிக்கலையேய்யா” என்றார்.

1962-இல் பர்மிட்டைப் புதுப்பிக்கப் புதுச் சரக்கு ஏதாவது காட்ட வேண்டியிருந்தது. காரில் குழந்தையை உட்காரவைத்துக் கட்டும் நாற்காலி செய்வதென்று முடிவாயிற்று. விருதுநகரையும் சிவகாசியையும் சேர்த்துப் பிடித்தாலும் இருபது கார் தேறாத காலம். அந்த இருபதிலும் குழந்தைகள் அம்மா மடியில்தான் போயின. அதனால் சரக்கு வெளிநாட்டுக்கு என்றார்கள். நாற்காலிக்கு இரும்புக் குழாய்ச் சட்டம், பெல்ட், பெல்ட்டுக்கு ஒரு கொக்கி. கொக்கிக்குள்ளே சாத்தூரில் மொத்தமாக வாங்கிய எலிப்பொறி ஸ்பிரிங். ‘ஒருமுறை மாட்டினால் கழலாது’ என்பது அதன் விளம்பர வாசகம். கம்பெனி சொன்ன வாக்கில் தவறாமல் நிறைவேறிய வாக்கு அது ஒன்றுதான்.

வெளிநாட்டுக்கு அனுப்ப, காரை மோதவிட்டுச் சோதித்த சான்றிதழ் வேண்டுமாம். காசிராஜன் ஆட்களைக் கூட்டிப் பேசினார்.

“மோதுறதுனா என்னலே? ஒரு அதிர்ச்சி. அதுக்குப் போயி ஒரு காரை நொறுக்கணுமா? நம்ம ஊர்ல இல்லாத அதிர்ச்சியா? ஏ சீனிவாசகம், நாற்காலிக்கு அடியில ஒரு அணுகுண்டு வெடிய வையும். மேல ஒரு பூசணிக்காயக் கட்டும். சோலி முடிஞ்சிச்சு.”

பட்டாசுக் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. லாரியில் லோடு ஏறும் முன்னால் ஒவ்வொரு லாட்டிலும் ஒரு வெடியை எடுத்துப் பொட்டலில் கொளுத்திப் பார்ப்பார்கள். சத்தம் நன்றாக இருந்தால் அந்த லாட்டு பாஸ். சத்தம் சரியில்லையென்றால் நமுத்த சரக்கு என்று தள்ளிவிடுவார்கள். சீனிவாசகம் இருபத்திரண்டு வருஷம் அந்த வேலை பார்த்தவர். அதில் இடது காது போய்விட்டது. வலது காதை வெடிப் பக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு நோட்டில் எழுதுவார். நாற்காலியையும் அப்படியேதான் சோதித்தார். வெடி வெடித்தது, பூசணிக்காய் பத்துத் திசைக்கும் சிதறியது, நாற்காலிச் சட்டம் பிளந்து நின்றது, சீனிவாசகம் கண்ணைத் திறந்து ‘பாஸ்’ என்று எழுதினார். கூடி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

பதினாறு நாற்காலி, பதினாறு பூசணிக்காய், பதினாறு பாஸ். நடுவில் ஒரே ஒரு தரம் மழை ஈரத்தில் வெடி புஸ்ஸென்று அணைந்துபோயிற்று. பூசணிக்காய் ஒரு கீறல் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. அந்த நாற்காலியைச் சீனிவாசகம் கணக்கிலேயே சேர்க்காமல் தள்ளிவிட்டார்.

சிதறிய பூசணியைப் பொறுக்கி எடுத்துக் கொட்டகைப் பெண்கள் குழம்பு வைப்பார்கள். மருந்து வாடை அடிக்கும். ஆனாலும் பூசணிதானே. பொறுக்க வந்தவர்களில் பஞ்சம்மாள் ஒருத்தி மட்டும் சந்தேகம் கேட்டாள்.

“அண்ணாச்சி, காயி செதறிப்போச்சே. பெறகு எப்பிடி பாசு?”

“நீ சத்தத்தக் கேட்டியா இல்லியா?”

“கேட்டேன்.”

“எப்பிடி இருந்துச்சு?”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

“அப்ப போயி சோலியப் பாரு.”

பஞ்சம்மாள் மல்லாங்கிணற்றுக்காரி. நாலு வருஷம் மழை இல்லை. புருஷன் கருப்பணன் கூலிக்குக் கிணறு வெட்டப் போன இடத்தில் பாறை சரிந்து இடுப்பொடிந்து படுத்துவிட்டான். அவள் இரண்டு வயது மகள் செல்லத்தாயைத் தூக்கிக்கொண்டு சிவகாசிக்கு வந்தாள். முதலில் இரண்டு வருஷம் வெடிக்குத் திரி செய்யும் கொட்டகை. பிள்ளை அங்கே மருந்துத் தூளை வாயில் வைக்கிறதென்று குழந்தை வாகனக் கம்பெனிக்கு மாறி வந்தாள். இங்கே பெல்ட் தைப்பாள். செல்லத்தாய் இப்போது நாலு வயதை எட்டியும் இரண்டு வயதுப் பிள்ளை அளவுக்குத்தான் இருந்தது. தையல் கொட்டகையில் சாக்குத் தூளியில் கிடக்கும்.

அவள் வந்த புதிதில் பெல்ட்டுக்கு இஞ்சுக்கு எட்டுத் தையல். பிறகு முதலாளி வந்து பார்த்துவிட்டு, “நூலு என்ன, வேலிக்கருவேலத்துலயா காய்க்கிது? மூணு போதும்” என்றார். மூணு தையல் ஆயிற்று.

1964-இல் சென்னையிலிருந்து தரக்கட்டுப்பாட்டு அதிகாரி சுந்தரபாண்டி வந்தார். கம்பெனியின் சோதனை ஃபைலைக் கேட்டார். அந்த ஃபைலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சர்க்கார் படிவத்தில் ‘நாற்காலியில் அமர்த்தப்பட்ட குழந்தையின் பெயர், வயது, எடை’ என்று கட்டங்கள் இருந்தன. காலியாக விட்டால் படிவம் திரும்பி வந்துவிடும். அதனால் கிளார்க்கு பூசணிக்காய்களுக்குப் பெயர் வைத்திருந்தார். வெள்ளைத்தாய், வயது 2. கோட்டைச்சாமி, வயது 3. வேலுத்தாய், வயது 1½. எதிரே ‘சோதனைக்குப் பின் குழந்தையின் நிலை’ என்ற கட்டத்தில், பொய் எழுதக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில், ‘சிதறியது’ என்று எழுதியிருந்தார். அதற்கு அடுத்த கட்டத்தில் ‘பாஸ்’.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினாறு படிவத்தையும் ஒன்று விடாமல் படித்தார். காசிராஜனுக்கு வேர்த்தது.

“மிஸ்டர் காசிராஜன், இது பெரிய தவறு.”

“அய்யா, அது வந்து...”

“பதினாறு குழந்தைகள். ஒன்றுக்குக்கூடப் பெற்றோர் கையெழுத்து இல்லை. ஒன்பதாவது கட்டம் காலியாக இருக்கிறது. சர்க்கார் ஒரு கட்டத்தைக் காரணம் இல்லாமல் போடாது.”

காசிராஜன் மூச்சு விட்டார். “ஏங்கய்யா, மத்த கட்டமெல்லாம்?”

“மற்றதெல்லாம் திருப்தி. கையெழுத்து அழகாக இருக்கிறது. பழையதை நான் மன்னித்துவிடலாம். ஆனால் நாளைக்கு என் முன்னிலையில் ஒரு சோதனை நடக்க வேண்டும். பெற்றோர் கையெழுத்தோடு. ரேகையானாலும் பரவாயில்லை.”

பூசணிக்காய்க்கு அப்பன் ஆத்தாளை எங்கே தேடுவது? கிளார்க்கு மெதுவாக, “மொதலாளி, நம்ம பேரன் காளிராஜ் இருக்காக” என்று ஆரம்பித்தார். காசிராஜன் அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். கண்ணாடி உடைந்து கிளார்க்கின் புருவம் கிழிந்தது. “எம் பேரனுக்கு மாந்தம்” என்றார் முதலாளி. பிறகு தையல் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பஞ்சம்மாளைக் கூப்பிட்டார்கள்.

“ஏ பஞ்சம்மா, ஒனக்கு அதிர்ஷ்டந்தான் போ. ஒம் பிள்ளைய நாளைக்கு ஆபீசரு முன்னால நாற்காலில உக்கார வைக்கப் போறோம். போட்டோ எடுப்பாக. கம்பெனியோட பத்தாம் ஆண்டு மலர்ல வரும்.”

“அடியில வெடி வைப்பீகளா மொதலாளி?”

“வைக்காம? சோதனைனா வைக்கத்தான் செய்வாக.”

“பூசணிக்கா செதறுச்சே.”

“அது காயி. இது பிள்ள. காய்க்கு எலும்பு உண்டா? யோசிச்சுப் பேசு.”

பஞ்சம்மாள் முடியாது என்றாள். சீனிவாசகம் அவள் கொண்டையைப் பிடித்து மேஜைமேல் குனியவைத்தார். இரண்டு பேர் மணிக்கட்டைப் பிடித்தார்கள். கட்டைவிரலை மையில் தோய்த்து ஒன்பதாவது கட்டத்தில் அழுத்தினார்கள். விரல் திமிறியதில் ரேகை கொஞ்சம் இழுபட்டுவிட்டது. அதிகாரி அதைத் தூக்கிப் பார்த்து, “தெளிவாக இல்லை. இன்னொன்று வையுங்கள்” என்றார். இன்னொன்றும் வைத்தார்கள். செல்லத்தாயைக் காவற்காரன் வீட்டில் அடைத்து வைத்தார்கள். தாய் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவிட்டால் படிவம் வீணாகிவிடும் அல்லவா.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பொட்டலில் பந்தல் போட்டிருந்தது. மேடையில் அதிகாரி, காசிராஜன், பொன்னுத்தங்கம் அம்மாள். அந்த அம்மாள் முந்தானையை இழுத்துக் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தார். வெயிலுக்கு என்று மலரில் இருக்கிறது. ஐம்பது அடி தள்ளி நாற்காலி. அடியில் சணல் சுற்றிய அணுகுண்டு. ஆபீசர் வந்திருக்கிறார் என்று சீனிவாசகம் வழக்கத்தைவிட ஒரு சுற்று பெரிதாகவே வைத்திருந்தார்.

அதிகாரி பேசினார்.

“குழந்தைகள் நாட்டின் செல்வம். செல்வத்தைச் சோதிக்காமல் எப்படி நம்புவது? ஒரு குழந்தை பாதுகாப்பாக இருக்கிறது என்பது குழந்தையைப் பார்த்துத் தெரிவதல்ல. படிவத்தைப் பார்த்துத் தெரிவது. நான் இருபது வருஷமாகப் படிவங்களைப் பார்க்கிறேன். இதுவரை ஒரு படிவமும் அழுததில்லை.”

எல்லோரும் கை தட்டினார்கள். காவற்காரன் இடுப்பிலிருந்த செல்லத்தாயும் தட்டியது.

பிள்ளையைத் தாயே கட்டினால்தான் அது அசையாமல் இருக்கும் என்று பஞ்சம்மாளை அனுப்பினார்கள். அவள் கையில் தூக்குவாளி இருந்தது. பிள்ளைக்கு நீச்சத்தண்ணி குடுக்கணும் என்றாள். குடு என்றார்கள். பிள்ளைக்கு இரண்டு மடக்குக் கொடுத்துவிட்டு, மீதியைக் குனிந்து திரிமேல் கவிழ்த்தாள். சேலை மறைத்தது. கொக்கியைச் சீனிவாசகமே வந்து மாட்டினார். ‘டப்’பென்று விழுந்தது. அவளை இழுத்துக்கொண்டு போய்ப் பந்தல் கம்போரம் நிறுத்தினார்கள்.

சீனிவாசகம் பற்றவைத்துவிட்டு ஓடி வந்து, வலது காதைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டார். திரி சீறிக்கொண்டு போய்ப் பாதியில் அணைந்தது. ஒன்றும் வெடிக்கவில்லை. செல்லத்தாய் காலை ஆட்டிக்கொண்டு தாயைப் பார்த்தது.

“என்ன இது?” என்றார் அதிகாரி.

காசிராஜனுக்கு முகம் செத்துப்போயிற்று. பிள்ளை உயிரோடு இருந்ததால் அல்ல. அவர் குடும்பத்துச் சரக்கு ஒரு சர்க்கார் அதிகாரி முன்னால் நமுத்துப்போயிற்றே என்று. “போயிப் பாருமய்யா!” என்று கத்தினார். சீனிவாசகம் நடந்தார்.

பஞ்சம்மாளுக்கு அப்போதுதான் தெரிந்தது. நாற்காலிக்கு அடியில் நூல் மாதிரி ஒரு புகை. திரிக் கொட்டகையில் இரண்டு வருஷம் இருந்தவள் அவள். மேலே நனைந்தாலும் உள்ளே இருக்கிற மருந்து நின்று நின்று தின்னும்.

“அண்ணாச்சி, போகாதீக! உள்ள கங்கு இருக்கு!”

அவள் கத்தியது சீனிவாசகத்தின் இடது காதுப் பக்கம். பிடித்திருந்தவன் கையைக் கடித்தாள். பல் எலும்பில் முட்டியது. அவன் விட்டான். ஓடினாள். கொக்கியைப் பிடித்து இழுத்தாள். ஒருமுறை மாட்டினால் கழலாது. நகம் பெயர்ந்தது. கொக்கி அசையவில்லை. அப்போது அவள் கை, நாற்காலிச் சட்டத்தோடு பெல்ட்டைச் சேர்க்கும் ஓரத் தையலைத் தடவியது. இஞ்சுக்கு மூணு. அவளே தைத்தது. காலைச் சட்டத்தில் ஊன்றி இரண்டு கையாலும் ஓர் இழுப்பு இழுத்தாள். பொடபொடவென்று விட்டுக்கொடுத்தது. பெல்ட்டோடும் கொக்கியோடும் பிள்ளையை வாரி மாரில் சேர்த்துக்கொண்டு ஓடினாள்.

வெடியையே பார்த்துக்கொண்டு வந்த சீனிவாசகம் நாற்காலியைச் சாய்த்துக் குனிந்து அடியில் கையை விட்டார்.

வெடித்தது.

இரும்புச் சட்டம் மூன்று துண்டானது. ஒரு துண்டு பந்தலைக் கிழித்துக்கொண்டு வந்து அதிகாரியின் நாற்காலிக்கும் முதலாளியின் நாற்காலிக்கும் நடுவே மேடைப் பலகையில் குத்தி நின்றது. சீனிவாசகத்தின் வலது கை மணிக்கட்டோடு இல்லை. பஞ்சம்மாள் புழுதியில் குப்புற விழுந்திருந்தாள். முதுகெல்லாம் கல் தெறித்த காயம். அவளுக்கு அடியில் செல்லத்தாய் வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

கூட்டம் கை தட்டியது. இருபது வருஷப் பழக்கம். நல்ல சத்தம் கேட்டால் அந்த ஊர்க் கை தானாகத் தட்டும்.

சீனிவாசகம் ரத்தத்தில் மல்லாந்து கிடந்தார். மிச்சமிருந்த காதும் அடைத்துவிட்டது. தன்னைத் தூக்க வந்தவன் சட்டையை இடது கையால் பிடித்துக்கொண்டு, “சத்தம் எப்பிடி இருந்துச்சுய்யா? எனக்குக் கேக்கலையே, எப்பிடி இருந்துச்சு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

“நல்லா இருந்துச்சு அண்ணாச்சி” என்றான் அவன்.

அதிகாரி மிச்சக் கட்டங்களையும் நிரப்பினார். குழந்தையின் பெயர் செல்லத்தாய். பார்வைக்குத் தெரிந்தபடி வயது 2. சோதனைக்குப் பின் குழந்தையின் நிலை: ‘சிதறவில்லை’. பதினாறு தோல்விக்குப் பிறகு கிடைத்த வெற்றியாகவும் அதைக் கொள்ளலாம்; ஆனால் முந்தைய பதினாறும் வெற்றி என்பதால், பதினேழாவது வெற்றி என்றே எழுதினார். கையெழுத்துப் போட்டார். காரில் ஏறினார். அவர் மகன் பின்சீட்டில் அம்மா மடியில் உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் பஞ்சம்மாளைக் கம்பெனி வாசலில் நிறுத்தி, காசிராஜன் தம் கையாலேயே காகிதத்தைப் பிடித்து வாசித்தார்.

“குற்றம் ஒண்ணு: பலமில்லாம பெல்ட் தைச்சது. ஆபீசரு முன்னால கிழிஞ்சு கம்பெனி மானம் போச்சு. குற்றம் ரெண்டு: கம்பெனிச் சொத்தான பெல்ட்டையும் கொக்கியையும் பிள்ளை இடுப்புல கட்டி வெளிய கொண்டு போகப் பாத்தது. கம்பெனிச் சொத்த வெட்டுறதோ சேதப்படுத்துறதோ கூடாது. ஒன்ன சோலிய விட்டு நிப்பாட்டியாச்சு. கழத்திக் குடுத்துட்டுப் போ.”

“கழல மாட்டேங்கிது மொதலாளி. காலைல இருந்து பாக்கேன்.”

“கழல மாட்டேங்கிதா? கழத்தத் தெரியலன்னு சொல்லு. நாங் கண்டுபிடிச்ச கொக்கி. கொண்டா இங்கன.”

அவள் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி கிட்டே போனாள். காசிராஜன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கொக்கிக்குள் ஆள்காட்டி விரலை விட்டு ஸ்பிரிங்கை நெம்பினார். ஸ்பிரிங் சாத்தூர்ச் சரக்கு. ஏமாற்றாத சரக்கு. ‘டப்’பென்று விழுந்தது.

அவர் போட்ட சத்தம் பட்டாசுக் கொட்டகை வரைக்கும் கேட்டது. இழுக்க இழுக்க இறுகியது. கொக்கி விளிம்பில் ரத்தம் சொட்டியது. செல்லத்தாய் அழுகையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது.

“ஏய், கத்தரி வச்சிருக்கேல்ல! வெட்டு! வெட்டுட்டி!”

பஞ்சம்மாள் இடுப்பில் செருகியிருந்த தையல் கத்தரியை எடுத்தாள். பெல்ட்டைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் கம்பெனி முத்திரை இருந்தது. விரலைப் பார்த்தாள். அதில் முத்திரை எதுவும் இல்லை.

“பெல்ட்டு கம்பெனிச் சொத்து மொதலாளி” என்றாள். “வெட்டக் கூடாதுன்னு இப்பத்தான வாசிச்சீக.”

“அடியே...”

“கொக்கி இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்கு. வெரலுதான் இருக்க வேண்டிய எடத்துல இல்ல.”

கத்தரி பெல்ட்டைத் தொடவில்லை.

கம்பெனி போலீசுக்குப் போகவில்லை. போனால் பெல்ட்டையும் கொக்கியையும் தடயமாகக் கேட்பார்கள். அவை இரண்டும் அன்று பொழுது சாய மல்லாங்கிணற்றுக்குப் போய்விட்டன. பத்தாம் ஆண்டு மலர் 1965-இல் வந்தது. வழுவழுப்பான தாள், மூன்று வர்ண அச்சு. பதினேழு வெற்றிகளின் பட்டியல் நடுப்பக்கத்தில் இருக்கிறது. முதல் பக்கத்தில் நிறுவனர் காசிராஜன், வலது கையை ஜிப்பாப் பைக்குள் விட்டபடி நிற்கிறார்.